நாலு தடவை செத்த புரோகிராம்

எங்கள் ஆபீசில் ஆயுத பூஜைக்கு சர்வருக்குப் பொட்டு வைத்தபோது, வைத்தவர்கள் அந்தப் பக்கம் திரும்பியதும் துணியை எடுத்துத் துடைத்துவிட்டவன் நான். குங்குமத்தூள் ஃபேனுக்குள் போய்விடும் என்று காரணம் சொன்னேன், ஆனால் உண்மையான காரணம் எரிச்சல்தான். எலுமிச்சம்பழத்தை பைக் சக்கரத்தில் வைத்து நசுக்கச் சொன்னால் ஜூஸ் போட்டுக் குடிக்கிற ஆள். இதையெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், கேட்டு முடித்த பிறகு நீங்கள் என்னை ஒரு மாதிரி பார்க்கப் போகிறீர்கள், அப்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, இது ராத்திரி நடக்கவில்லை. பட்டப்பகலில், பிரியாணி சாப்பிட்ட பிறகு, தலைக்கு மேல் தகர ஷெட்டு கொதித்துக்கொண்டிருக்கும்போது நடந்தது.

செங்கல்பட்டில் எங்களுடையது சின்ன கம்பெனி. கல் செதுக்குகிற மெஷின்களுக்கு புரோகிராம் எழுதுகிறோம். மாமல்லபுரத்தில் இப்போது பெரிய சிலைகளுக்கு முதல் வேலையை மெஷின்தான் செய்கிறது, அதாவது ஒரு மாதிரிச் சிலையை ஸ்கேன் பண்ணி, அதை லட்சக்கணக்கான வரிகளாக மாற்றி, ஒவ்வொரு வரியிலும் 'இங்கே போ, இவ்வளவு இறங்கு' என்று மெஷினுக்குச் சொல்லிவிட்டால், வைரமுனை ஊசி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு கல்லைக் குடையும். பிறகு சிற்பி உளியெடுத்து முடிப்பார். ஸ்கேனை சுத்தம் பண்ணி வரிகளாக்குவது என் வேலை, மெஷினை ஓட்டுகிற புரோகிராம் ரியாசுடைய வேலை. ரியாஸ் மதுராந்தகத்துக்காரன், என்னோடு கல்லூரியில் படித்தவன், எந்தப் பிரச்சினைக்கும் 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணு மச்சான்' என்பதைத் தவிர வேறு வைத்தியம் தெரியாதவன், ஆனால் வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரன். இதை நான் சொன்னதாக அவனிடம் சொல்ல வேண்டாம்.

மாமல்லபுரத்துச் சிற்பி ஏழுமலை அண்ணன் எங்கள் வாடிக்கைக்காரர், அவர் மெஷின் வாங்கினது அவருடைய சிற்பிகள் தெருவில் பெரிய சண்டையாகிப் போன விஷயம். சொந்த மச்சினனே பேச்சை நிறுத்திவிட்டார். அப்படியிருக்க, செய்யூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அம்மன் சிலைக்கு வந்தார்கள். மூன்றரை அடி, உட்கார்ந்த கோலம். கும்பாபிஷேகத்துக்கு இன்னும் மூன்று வாரம்தான். அவர்கள் கொண்டுவந்து இறக்கினது ஒரே கல், ஊர்கூடி பூஜை போட்டு எடுத்த கல். அதில் ஒரு இடம் தப்பாகப் பட்டுவிட்டால் ஒட்ட முடியாது, பூச முடியாது, ஊனமான கல்லை யாரும் கும்பிட மாட்டார்கள். வேறு கல் எடுக்க நேரமும் கிடையாது. அது மட்டும் கெட்டால் ஏழுமலை அண்ணன் அந்தத் தெருவில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது, மெஷினையும் எடைக்குப் போட வேண்டியதுதான். அதனால் முகம் ஓடுகிற அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். உடம்பும் கைகளும் முன்னமே முடிந்திருந்தன.

காலையில் திருக்கழுக்குன்றம் வழியாக பைக்கில் போய்ச் சேர்ந்தோம். அண்ணன் கற்பூரம் ஏற்றி மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு, நீங்க பாத்துக்குங்க தம்பி, நான் வூட்ல கீறேன் என்று போய்விட்டார். வீடு பின்னால் அடுத்த தெரு. நாங்கள் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நெற்றி முடிந்தது, கன்னம் முடிந்தது, மூக்கு, உதடு எல்லாம் ஆயிற்று. நுணுக்கமான வேலைகளைக் கடைசியில் வைத்திருந்தேன். பிரியாணியை முடித்துக் கைகழுவிக்கொண்டு வரும்போது ஊசி மேலே தூக்கிக்கொண்டு நின்றிருந்தது. புரோகிராம் செத்துவிட்டால் ஊசி தானாக மேலே எழும்பி நிற்கிற மாதிரி ரியாஸ் எழுதியிருக்கிறான், அதை இன்றைக்கு வரைக்கும் பீற்றிக்கொள்வான், பீற்றிக்கொள்ளட்டும்.

ஸ்கிரீனில் ஒரே வரி. மெமரி தீர்ந்துவிட்டது, அதனால் உன் புரோகிராமைக் கொன்றுவிட்டேன் என்று ஆபரேட்டிங் சிஸ்டம் எழுதியிருந்தது. கம்ப்யூட்டர் ஆட்கள் இப்படித்தான் பேசுவார்கள், கொல்வது சாவது எல்லாம் எங்களுக்கு நாஸ்தா மாதிரி. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், மெமரி என்பது ஒரு மெஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். புரோகிராம் வந்து உட்கார்ந்து சாப்பிடும், முடித்ததும் இலையை எடுத்துவிட்டு இடத்தைக் காலி பண்ண வேண்டும். எடுக்காமல் விட்டுக்கொண்டே போனால் கொஞ்ச நேரத்தில் மெஸ் முழுக்க எச்சில் இலையாகக் கிடக்கும், புதிதாக வருகிறவனுக்கு இடம் இருக்காது. அதற்குப் பெயர் லீக். மெஸ் முதலாளி, அதாவது ஆபரேட்டிங் சிஸ்டம், அந்த நேரத்தில் வந்து பார்ப்பார். யார் அதிக இடத்தை அடைத்திருக்கிறானோ அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிடுவார்.

ஆபீசில் எங்கள் டீம் லீடர் கல்பனா அக்காவுக்குப் போன் போட்டேன். அவர் ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்துவிட்டார். ஸ்கிரீனில் சிலையின் படத்தைக் காட்டி, ஊசி எங்கே இருக்கிறது என்று சிவப்புப் புள்ளி வைக்கிறோம் அல்லவா, அது ஓடின ஒவ்வொரு வரியையும் ஞாபகத்தில் வைத்துக்கொண்டே போகிறது, விடுவதே இல்லை. உண்மையான லீக்தான். படத்தையே நிறுத்திவிட்டு ஓட்டுங்கடா என்றார். நிறுத்தினோம். ஊசி நின்றது மூன்று லட்சத்து எண்பத்தாறாயிரத்து இருநூற்றுப் பதினாலாவது வரியில். இருநூறு வரி பின்னால் போய் அங்கிருந்து ஓட விட்டோம். ரியாஸ் எனக்குக் கை கொடுத்தான். கையை எடுப்பதற்குள் ஊசி மேலே ஏறிவிட்டது. அதே வரி.

இங்கேதான் கொஞ்சம் கவனியுங்கள். லீக் என்றால் நேரம் ஆக ஆகத்தான் இடம் நிரம்பும். இப்போது புதிதாகத் திறந்த மெஸ், இருநூறே பேர் சாப்பிட்டிருக்கிறார்கள், முக்கால்வாசி மேஜை காலி. முதலாளி வந்து இடமில்லை வெளியே போ என்கிறார். நான் கல்பனா அக்காவிடம் சொன்னேன், அவர் நம்பவில்லை, படம் பிடித்து அனுப்பினேன். மெமரி சிப்பே பழுதாக இருக்கும் என்று சோதிக்கச் சொன்னார். சோதித்தோம், ஒரு குறையும் இல்லை. அந்த வரியில், சுருக்கமாக இருநூற்றுப் பதினாலில், ஏதாவது கோளாறு இருக்குமோ என்று ஃபைலைத் திறந்து பார்த்தால் மூன்றே மூன்று எண்கள். அதற்கு அடுத்த வரியிலும் மூன்று எண்கள், என்ன, அதில் ஊசி நாலு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்குகிறது, அவ்வளவுதான். அதற்காக யாராவது செத்துப்போவார்களா?

ரியாசுக்கு யோசனை வந்தது. ஸ்வாப் போடலாம் என்றான். ஸ்வாப் என்றால் மெஸ்ஸில் இடம் போதாதபோது ரோட்டில் பெஞ்சு போடுவது மாதிரி, மெமரி போதாத இடத்துக்கு வேறொரு டிஸ்கைக் கொடுப்பது. இடம்தான் இருக்கிறதே, எதற்குப் பெஞ்சு என்று நான் கேட்டேன். இவனோடு இந்த விஷயத்தில் எனக்குக் கல்லூரியிலிருந்தே தகராறு. ஸ்வாப் என்பது சோம்பேறி வைத்தியம் என்பது என் கட்சி, உன்னை மாதிரி ஆள்கள்தான் உலகத்தில் லீக்கைக் கண்டுபிடிக்காமல் மூடி மறைக்கிறார்கள் என்று கத்தினேன். அவன், ஒழுங்கா இலைய எடுக்கத் தெரியாதவனெல்லாம் மெஸ்ஸு பத்தி பேசறான் என்றான். அது அவனுடைய புரோகிராம் என்பதை அவன் மறந்துவிட்டான், எனக்கும் கோபத்தில் ஞாபகம் வரவில்லை. அரை மணி நேரம் போயிற்று. எதிரே பிளாஸ்டிக் திரைக்குப் பின்னால் சிலை வெள்ளைச் சேற்றைப் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. கல்தூளும் தண்ணீரும் வழிந்து முகமே தெரியவில்லை. நாங்கள் இரண்டு பேரும் ஒரு தடவைகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. மெமரி கிராஃபைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

கடைசியில் ஸ்வாப்புக்கு ஒத்துக்கொண்டேன், ஆனால் டிஸ்க் இல்லை. ரியாஸ் பையிலிருந்து ஒரு பென் டிரைவை எடுத்தான். அதில் அவனுடைய நிச்சயதார்த்த வீடியோ இருந்தது, ஒரே காப்பி. அழித்துத்தான் ஸ்வாப் போட முடியும். அவன் ஒரு நிமிடம் அதைக் கையில் வைத்துப் பார்த்தான், கல்யாண வீடியோ தனியா கீதுல்ல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அழித்தான். ஓட விட்டோம். மூன்றாவது தடவையும் அதே வரியில் செத்தது. ஸ்வாப்பில் எவ்வளவு உபயோகம் ஆகியிருக்கிறது என்று பார்த்தால் பூஜ்யம். நிச்சயதார்த்தம் போனதுதான் மிச்சம். அவன் வீட்டம்மாவுக்கு இன்னும் தெரியாது, யாரும் சொல்லிவிடாதீர்கள்.

எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஆபரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு வசதி உண்டு, இன்ன புரோகிராமை எந்தக் காலத்திலும் கொல்லக் கூடாது என்று எழுதி வைத்துவிடலாம். எழுதினால் முதலாளி மெஸ்ஸையே இழுத்து மூடினாலும் மூடுவாரே தவிர அந்த ஆள் மேல் கை வைக்க மாட்டார், அது சட்டம். எழுதினேன், இரண்டு தடவை சரிபார்த்தேன், ரியாசையும் பார்க்கச் சொன்னேன். ஓட விட்டோம். நம்பினால் நம்புங்கள், இருநூற்றுப் பதினாலில் ஊசி எழும்பி நின்றது. கொன்றுவிட்டேன் என்று எழுதியிருந்தது, யாரைக் கொல்லாதே என்று சொன்னேனோ அவனைத்தான்.

ரியாஸ் போய் செருப்பைக் கழற்றி ஷெட்டுக்கு வெளியே விட்டுவிட்டு வந்தான்.

"மச்சான், இதுக்கு நம்ம மேல இன்னாவோ கோவம் கீது. வுட்ரு. ஊட்டுக்குப் போலாம்."

எனக்கு அவன்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. படித்தவன் பேசுகிற பேச்சா என்றேன். எனக்கு ஒரு மெஷின் தோற்கடிக்கிறது என்பதே பொறுக்காது. என் லேப்டாப்பைத் திறந்தேன். அந்த மெஷினில் இருந்த குட்டிக் கம்ப்யூட்டருக்கு முப்பது மடங்கு மெமரி இதில், பதினோரு ஜிபி காலியாக இருந்தது. குட்டிக் கம்ப்யூட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டு, என் லேப்டாப்பிலிருந்து நேராக மோட்டாருக்கு வயர் கொடுத்தேன். மீதி வரிகளை அதில் ஏற்றினேன். இனிமேல் எவன் நிறுத்துகிறான் பார்க்கலாம் என்று சத்தமாகவே சொன்னேன், அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது. ரியாஸ் வெளியே குழாயடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். கமாண்டை அடித்துவிட்டு விரலை என்டருக்குக் கொண்டுபோகிறேன், மெமரி போதவில்லை என்று ஒரு பெட்டி வந்தது. ஒவ்வொரு ஜன்னலாக மூடிக்கொண்டு போய் ஸ்கிரீன் அப்படியே உறைந்துவிட்டது. பவர் பட்டனை அமுக்கிப் பிடித்து அணைத்து மறுபடி போட்டேன். அது எழுந்து வர இரண்டு நிமிடம் ஆகும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஏழுமலை அண்ணன் வந்தார். காலில் செருப்பில்லை, பனியன், மடித்துக் கட்டின லுங்கி, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. முதலில் என் இரண்டு கைகளையும் பார்த்தார், நேராகப் பிளாஸ்டிக் திரையை விலக்கிவிட்டு ஒரு குடம் தண்ணீரை எடுத்து சிலை முகத்தில் ஊற்றினார். வெள்ளைச் சேறு வழிந்து இறங்கியது. நெற்றி தெரிந்தது, மூக்கு தெரிந்தது, உதடு தெரிந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பக்கமும் வழவழவென்று மேடு, முட்டை மாதிரி. அவர் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"நல்லவேள தம்பி, கண்ணுல படல. கண்ணு நான்தான் தெறக்கணும். கோயில்ல வெச்சி, தெர கட்டி, அப்பதான். அதுக்கு முன்னாடி ஒரு கீறு வுழுந்துச்சினா இது சாமியில்ல. ஓட்டல் வாசல்ல நிக்கவெக்கிற பொம்ம."

ஆனால் கண் ஃபைலில் இருந்தது. வைத்தது நான்.

நடந்தது இதுதான். அவர் செய்து கொடுத்த மாதிரிச் சிலையை ஸ்கேன் பண்ணினபோது கண் இருக்கும் இடம் வழவழவென்று வந்தது. நான் என்ன நினைத்தேன், ஸ்கேனர் பிடிக்காமல் விட்டுவிட்டது, தகவல் விடுபட்டுப் போயிருக்கிறது என்று நினைத்தேன். எங்கள் பிழைப்பில் காலியாக ஒரு இடம் இருந்தால் அது பிழை, நிரப்பிவிட வேண்டும், அப்படியே பழகிவிட்டது. ஒரு சனிக்கிழமை முழுக்க உட்கார்ந்து இமை, விழி, கருமணி எல்லாம் வைத்து அழகாகப் பண்ணி முடித்தேன். யாரிடமும் சொல்லவில்லை, முகம் முடிந்ததும் அண்ணன் பார்த்து அசந்துபோவார், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று பெருமை. ஒரு போன் போட்டு, ஏன்ணா கண் இல்லை என்று கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவே இல்லை.

லேப்டாப் எழுந்து வந்துவிட்டது. ஃபைலைத் திறந்து, மெமரியை மிச்சம் பிடிக்க நாங்கள் நிறுத்தி வைத்திருந்த அந்தப் படத்தை வரவழைத்தேன். சிவப்புப் புள்ளி அம்மனுடைய இடது கண் ஓரத்தில் இருந்தது. அடுத்த வரியில் ஊசி நாலு மில்லிமீட்டர் கண்ணுக்குள் இறங்குகிறது. நாலு தடவை ஊசியை அந்த இடம் வரைக்கும் கொண்டுபோய், அஞ்சாவது தடவைக்கு லேப்டாப்பைக் கொண்டுவந்தவன் நான். ரியாஸ் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். பார்த்துவிட்டுப் போய்க் குழாயடியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே, ஸ்கிரீனில் கண்ணோரம் நின்ற புள்ளியைப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

"நீங்களே பாத்து நிறுத்திட்டீங்களா?"

எனக்கு முந்திக்கொண்டு ரியாஸ் ஆமாண்ணா என்றான். நான் தலையை ஆட்டினேன். அவர் எங்கள் இரண்டு பேர் தோளிலும் கை வைத்து, இந்தக் காலத்துல யாருக்குத் தம்பி இவ்ளோ பொறுப்பு வரும் என்றார். அந்த நிமிடம் மண்ணில் புதைந்து போகலாம் போல இருந்தது. ஆனாலும் வாய் திறந்து உண்மையைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

கண்களை ஃபைலிலிருந்து எடுத்தேன். மீதி இருந்தது மூக்குத்தியும் காதணியும். ரியாஸ் நாங்கள் செய்த எல்லா மாற்றத்தையும் தூக்கிவிட்டு, காலையில் இருந்த மாதிரியே, அந்த லீக்கோடு, படத்தோடு, ஸ்வாப் இல்லாமல், குட்டிக் கம்ப்யூட்டரில் முதலிலிருந்து சும்மா காற்றில் ஓட்டிக்கொண்டு வந்து அந்த இடத்தில் கல்லில் இறக்கினான். அப்படித்தான் செய்யணும் என்றான், ஏன் என்று நான் கேட்கவில்லை. பொழுது சாய்கிற நேரத்தில் முடிந்தது. முடியும்போது காலியாக இருந்த மெமரி நாலு எம்பி. நியாயமாகப் பார்த்தால் செத்திருக்க வேண்டியது அப்போதுதான். சாகவில்லை, கடைசி வரி வரைக்கும் ஓடி நின்றது.

ஆபீசுக்கு வந்து அதே குட்டிக் கம்ப்யூட்டரில், கண் இருக்கிற பழைய ஃபைலைப் போட்டு, கல் இல்லாமல் வெறும் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்த்தோம். ஒரு வாரம் அதே வேலை. பன்னிரண்டு தடவை ஓட்டினோம், பன்னிரண்டு தடவையும் இருநூற்றுப் பதினாலைத் தாண்டி ஜம்மென்று போனது. கல்பனா அக்கா அந்த ஒரு வாரம் பொறுத்துப் பார்த்தார். அப்ப பிழை கல்லுலதான்டா இருக்கு, அதுக்கு யாருகிட்ட கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடறது என்று கேட்டுவிட்டு, மறுபடி வரவழைக்க முடியவில்லை என்று எழுதி விஷயத்தை மூடிவிட்டார். எங்கள் தொழிலில் அதுதான் திவசம்.

கும்பாபிஷேகத்துக்கு அண்ணன் இரண்டு பேரையும் வரச்சொல்லிப் பிடிவாதம் பிடித்தார். போனோம். சவுக்குத் தோப்புக்கு நடுவில் சின்னக் கோயில், முந்தின நாளே திரை கட்டி உள்ளே அவர் மட்டும் போய்க் கண் திறந்திருக்கிறார், சிலைக்கு முதல் பார்வையாகக் கண்ணாடியைக் காட்டினாராம். நாங்கள் பார்க்கும்போது பட்டுப் புடவையில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. நான் செய்த கண்ணைவிட ஆயிரம் மடங்கு நன்றாக இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டார்கள். எனக்கு மூடவும் முடியவில்லை, நேராகப் பார்க்கவும் முடியவில்லை, காதணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஊர்ப் பெரியவர்களிடம் அண்ணன் எங்களைக் காட்டி, இந்தப் பசங்க மட்டும் சரியான நேரத்துல நிறுத்தலன்னா என்று ஆரம்பித்தார். யாரோ எனக்கு மாலை போட வந்தார்கள். அதற்குமேல் என்னால் முடியவில்லை.

பந்தியில் சாப்பிட்டு எழுந்ததும் ரியாசையும் அழைத்துக்கொண்டு, அண்ணனைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிவிட்டேன். கண்ணை நான்தான் வைத்தேன், நிறுத்தியது நாங்கள் இல்லை, நாங்கள் ஓட்டத்தான் பார்த்தோம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அடிப்பார் என்றே நினைத்தேன். அவர் பல் குத்திக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார்.

"தெரியும் தம்பி. நாலு தபா ஏத்தி எறக்குனீங்க, மெஷின் சத்தம் எங்க வூட்டுக்குக் கேக்காதா? நானும் ஒன்னு சொல்லணும். அன்னிக்கி அமாவாச. அமாவாசன்னா எங்க தெருவுல எவனும் கல்லுல கை வெக்க மாட்டான். நாள் இல்லியேன்னு, கைதான வெக்கக்கூடாது, மெஷினு ஓடலாமேன்னு நானே ஒரு சமாதானம் சொல்லிகினு ஓட்டிட்டேன். அந்தப் பயத்துலதான் வூட்ல போயி குந்திகினேன்."

அப்புறம் ஏண்ணா அப்படி மூச்சு வாங்க ஓடி வந்தீங்க என்று ரியாஸ் கேட்டான்.

"தம்பி போன் பண்ணாருல்ல."

நான் பண்ணவில்லை என்றேன்.

"பண்ணீங்க. எடுத்தேன், யாரும் பேசல. உளி சத்தம் மட்டும் கேட்டுது. மெஷின் சத்தம் இல்ல தம்பி, உளி. டக்கு டக்குனு, பொறுமையா. சரி, பசங்க வெளயாட்டா உளிய எடுத்துட்டானுங்க, மொகத்துல வெச்சிட்டானுங்கன்னுதான் ஓடியாந்தேன். வந்ததும் உங்க கையத்தான பாத்தேன்?"

அன்றைக்குத் தெரு முழுக்க ஒரு உளிகூட எடுக்கவில்லை என்று இப்போதுதான் அவரே சொல்லி முடித்திருந்தார். போனை எடுத்துக் காட்டினார். அந்தத் தேதி, என் பெயர், மூன்று ஐம்பத்திரண்டு, இருபத்திரண்டு வினாடி. என் லேப்டாப் உறைந்து எழுந்துகொண்டிருந்த நேரம். என் இரண்டு கையும் அதன்மேல் இருந்தன, போன் பக்கத்தில் மேஜைமேல் கிடந்தது, அதன் ஸ்கிரீன் எரியவே இல்லை. என் போனைத் திறந்து பார்த்தேன். அன்றைக்குக் கல்பனா அக்காவுக்கு ஆறு தடவை பேசியிருக்கிறேன், ஆறும் வரிசையாக இருந்தன. அண்ணனுக்குப் பேசினதாக ஒன்றுமே இல்லை. ரியாஸ் எட்டிப் பார்த்துவிட்டு, உன் போனுல மெமரி இருந்திருக்காது மச்சான், அதான் எழுதிக்கல என்றான். போனில் பாதிக்கு மேல் காலியாகத்தான் இருந்தது.

நீங்கள் ஆயிரம் காரணம் சொல்வீர்கள், நானும் அதையெல்லாம் எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். சாமி என்றோ பேய் என்றோ நான் இப்போதும் சொல்லவில்லை, ஆயுத பூஜைக்கு வைக்கிற பொட்டை மட்டும் துடைப்பதில்லை. ஏழுமலை அண்ணனுக்கு எங்களோடு இன்னும் வேலை இருக்கிறது, வாரம் ஒரு தடவையாவது கூப்பிடுவார். அவர் பெயர் போனில் வந்தால் எடுத்ததும் நான் ஹலோ சொல்வதில்லை. காதில் வைத்துக்கொண்டு, அந்தப் பக்கம் என்ன சத்தம் கேட்கிறது என்று முதலில் கொஞ்ச நேரம் கேட்கிறேன்.